குழந்தைகளின் சிறுநீரகமும் அணுக்கதிர்ப் படமும்

(நமது சங்கத்தின் திருவள்ளூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை நம்பி ஜீவிக்கும் குடும்பங்கள் நம்மில் அநேகம். குழந்தைக்கு ஜுரம் கண்டால், ஒரு நாள் கூலி போகுமேயென்று, கடை மருந்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குச் செல்லுகிறோம். இருமலும் சளியுமின்றி அடிக்கடி வரும் ஜுரம், மூத்திரத் தாரையில் உண்டான கிருமியினால் வருவதுமுண்டு. அக்கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கினால், ஜுரம் தணிந்த பின்னும் அங்கே தழும்பு நிற்கக்கூடும். தழும்பு நோவு தராது. பல வருஷங்களுக்குப் பின் இரத்தக் கொதிப்பாய்த் தலைகாட்டக்கூடும்.

நிற்க, இத்தழும்பைக் காண்பது எங்ஙனம்? அல்ட்ராசவுண்டுப் படம் உருவத்தைக் காட்டும். சிறு தழும்புகள் அதற்குத் தப்புவதுண்டு. டி.எம்.எஸ்.ஏ. என்னும் பரிசோதனையில், டெக்னீசியம் என்ற கதிர்வீசும் பொருளைச் சொற்ப அளவில் மருந்தோடு சேர்த்து, குழந்தையின் எடைக்குத் தக்கபடி இரத்தநாளத்தில் செலுத்துகிறார்கள். சிறுநீரகத்தின் நல்ல பாகம் அதனை ஏற்றுக்கொள்ளும். 2 முதல் 4 மணி நேரங்கழித்து எடுக்கும் படத்தில் அப்பாகம் விளங்கித் தோன்றும். தழும்புள்ள இடம் வெறுமையாயிருக்கும். இரு சிறுநீரகங்களும் வேலையை நூற்றுக்கு எவ்வளவு பங்கிட்டுக்கொள்ளுகின்றன என்பதும் தெரியவரும். நிலைத்த தழும்பை அறிவதற்கு, நோய் தீர்ந்து 4 முதல் 6 மாதம் பொறுத்து இப்படத்தை எடுப்பது வழக்கம்.

அணு என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுவோருக்கு ஒரு வார்த்தை. 1937-ம் வருஷம் இத்தாலி தேசத்துப் பலேர்மோ நகரில் கண்டறியப்பட்டது டெக்னீசியம். இங்கு உபயோகப்படும் வகை 6 மணிக்கொருதரம் பாதியாகக் குறையும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் எஞ்சாது. குழந்தை பெறும் கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மனிதர் வருஷந்தோறும் இயல்பாய்ப் பெறுவதோ உலக சராசரியில் சுமார் 2.4. ஆயினும், வைத்தியர் அவசியமென்று சொன்னாலன்றி இதனைச் செய்தலாகாது.

இதனினும் பெரிய அச்சமொன்று நம் வீடுகளில் உண்டு. பெண் குழந்தைக்குச் சிறுநீரகக் கோளாறென்று வெளியில் தெரிந்தால் விவாகம் தடைப்படுமென்று பரிசோதனையையே தவிர்க்கிறோம். மறைத்தால் தழும்பு மறையுமோ? அறிந்திருந்தால், இரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். கர்ப்ப காலத்தில் முன்ஜாக்கிரதையாயிருக்கலாம். ஒரு சிறுநீரகத்தில் தழும்புடையவர் பலர் சுகமாய் வாழ்கின்றனர். ஆகவே, வரன் பேசும் நம் பெரியோர் இதனை ஒரு குறையாகக் கொள்ளோமென்று இச்சபையிலேயே உறுதி கூறவேண்டும். நம் பெண்மக்களைக் காக்கும் முதல் மருந்து அதுவே.

காரணம் தெரியாத ஜுரம் கண்டால், கிருமிநாசினி மருந்து கொடுக்குமுன் சிறுநீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள். 2022-ல் துவங்கிய அரசு மருத்துவக் கல்லூரி நம் திருவள்ளூரிலேயே இருக்கிறது. அணுக்கதிர்ப் படத்திற்குப் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முதலிய இடங்கள் உள்ளன. வழிச்செலவுக்கு இயலாத குடும்பத்துக்குச் சங்க நிதியிலிருந்து உதவத் தீர்மானிப்போமாக.