பேரன் யாருக்குச் சொந்தம்?

(திருவண்ணாமலையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கிற விஷயம் ஒரு குடும்ப விஷயமாகும். பெற்ற மகனோடோ மகளோடோ பகைத்துக்கொண்ட கிழவனும் கிழவியும், பேரப்பிள்ளையை மட்டும் பார்க்கவேண்டும் என்று தவிக்கிறார்களே, அந்தச் சங்கதியைப் பற்றியதாகும். குடும்பச் சங்கதியை மேடையில் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். மற்ற ஊரில் எப்படியோ, இந்த ஊரில் அப்படிக் கேட்க யாருக்கும் பாத்தியம் இல்லை. சாமியின் குடும்பச் சண்டையையே நடுத்தெருவில் வைத்து வருஷாவருஷம் நடத்திக் காட்டுகிற ஊர் இது. திருவூடல் தெரு என்று தெருவுக்கே அதனால் பெயர் வந்திருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று அண்ணாமலையாரும் அம்மனும் அங்கே சண்டை போடுகிறார்கள். அம்மன் கோவிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். சாமி தனியே மலையைச் சுற்றிவிட்டு வந்து சமாதானமாகிறார். இதைப் பார்க்க ஊரே கூடுகிறது.

சண்டைக்குக் காரணம் என்னவென்றால், பிருங்கி என்கிற முனிவன் சாமியை மட்டும் கும்பிட்டான், அம்மனைக் கும்பிடவில்லை என்பதாம். "என்னை ஒதுக்குகிறவனுக்கு நீர் எப்படி அருள் செய்யலாம்?" என்று அம்மனுக்குக் கோபமாம். கதை மெய்யா பொய்யா என்பது கிடக்கட்டும். அந்த அம்மாளின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு வருகிறேன்.

கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். இந்த ஜில்லாவில் கடலை பயிரிடுகிறவர். அவருடைய ஒரே மகன் படித்து, வெளியூரில் வேலை பார்த்து, வேறு ஜாதிப் பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டான். இவர் என்ன செய்தார்? ஊரார் முன்னிலையில், "எனக்கு மகனே இல்லை, இன்றோடு அவனைத் தலைமுழுகிவிட்டேன்" என்று சொல்லி, குளத்தில் முழுகிவிட்டு வந்தார். உயிரோடு இருக்கிற மகனைச் செத்தவனாக்கினார். பிறகு அவனுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. மூன்று வருஷம் ஆயிற்று. இப்போது வந்து, "ஐயா, பேரனைப் பார்க்க எனக்குச் சட்டத்தில் இடமுண்டா? வக்கீல் வைக்கட்டுமா?" என்று கேட்கிறார்.

"மகனிடம் பேசினீர்களா?" என்றேன். "பேசமாட்டேன்." "மருமகளிடம்?" "அந்தப் பெண்ணை நான் ஏன் பார்க்கவேண்டும்? எனக்குப் பேரன் போதும்" என்றார்.

பக்கத்தில் அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. கையிலிருந்த பையில் ஒரு சின்னச் சட்டை இருந்தது. குழந்தை பிறந்த சேதி கேட்டதும் புருஷனுக்குத் தெரியாமல் வாங்கி வைத்ததாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தச் சட்டை இனி எங்கே சேரும்? மகனைத் தலைமுழுகும்போது அந்த அம்மாளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? பெற்றவள் அவள், தீர்ப்புச் சொன்னவர்கள் இவரும் ஊராரும். அனுபவிக்கிற தண்டனையில் மட்டும் அவளுக்குச் சரிபாதி!

"ஐயா, பேரனிடத்தில் இவ்வளவு பிடிப்பு ஏன்?" என்று கேட்டேன். "வம்சம் விளங்கவேண்டாமா? நாளைக்கு எனக்குத் திதி கொடுக்க ஆள் வேண்டாமா?" என்றார். "பிறந்தது பேத்தியாயிருந்தால் வந்திருப்பீர்களா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாள்தான், "வந்திருப்போம்" என்று மெதுவாகச் சொன்னார்.

தோழர்களே, அந்த இருவர் பதிலிலும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒருவர் கேட்பது தன் கருமாதிக்கு ஒரு ஆள். மற்றவர் கேட்பது ஒரு குழந்தை.

திதி என்றீர்களே, அதையும் இந்த ஊர்க் கதையை வைத்தே பார்த்துவிடலாம். மாசி மகத்தன்று அண்ணாமலையாரைப் பள்ளிகொண்டாப்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எதற்காக? வல்லாள மகாராஜனுக்குப் பிள்ளை இல்லையாம். சாமியே பிள்ளையாக வந்து வருஷாவருஷம் திதி கொடுக்கிறாராம். சரித்திரத்திலோ, இந்த ஊரைத் தலைநகராய் வைத்திருந்த போசள அரசன் மூன்றாம் வல்லாளனுக்கு மகன் இருந்தான். அவனுக்குப் பிறகு அந்த மகன் கொஞ்ச காலம் பட்டத்திலும் இருந்தான். பிள்ளை இருந்தவனையே பிள்ளை இல்லாதவனாக்கி வைத்திருக்கிறது திதிக் கதை! அதுதான் போகட்டும், பிள்ளை இல்லாதவனுக்குச் சாமியே திதி கொடுப்பது மெய்யானால், இந்த ஊர்க்காரருக்குப் பேரன் எதற்கு? கதை பொய்யானால், திதி எதற்கு? எப்படிப் பார்த்தாலும் மூன்று வயதுக் குழந்தையின் தலையில் அந்தச் சுமையை ஏற்ற நியாயமில்லை.

அடுத்தது வம்சம். பாட்டன் பெயரைச் சுமப்பவன் என்பதால் பெயரன் என்றார்கள். அதுவே பேரன் ஆயிற்று. சரி. ஆனால் ஒரு குழந்தைக்கு எத்தனை பாட்டன்? இரண்டு. எத்தனை பாட்டி? இரண்டு. பேரனிடம் உங்கள் பங்கு எவ்வளவோ அவ்வளவு பங்கு, நீங்கள் முகத்தில் விழிக்கமாட்டேன் என்கிற அந்தப் பெண்ணைப் பெற்றவர்களுக்கும் உண்டு. குழந்தையைத் தூக்கினால் அவளுடைய ஜாதியும் சேர்ந்துதானே உங்கள் இடுப்பில் ஏறும்? அப்போது ஒட்டாத தீட்டு, அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளுமா?

நிற்க. சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். பலரும் கோர்ட்டுக்குப் போனால் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். வேறு சிலர் கிழவன் கிழவிக்கு ஒன்றுமே இல்லை என்று நினைக்கிறார்கள். இரண்டும் தப்பு.

முதியோர்களுக்காக 2007-ல் ஒரு சட்டம் வந்தது. வருமானமில்லாத பெற்றோரை மகனும் மகளும் காப்பாற்றவேண்டும் என்று அது சொல்லுகிறது. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவிடலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. காப்பாற்றுவதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்துச் செய்யவும் வழி உண்டு. ஆனால், பேரனைப் பார்க்கும் உரிமை என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. சோறு வாங்கிக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. சொந்தம் வாங்கிக் கொடுக்கச் சட்டம் இல்லை.

குழந்தைகளைப் பற்றிய சட்டம் 1890-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த கார்டியன் சட்டமாகும். அதன்படி உறவினர் யாரும் கோர்ட்டில் மனுச் செய்யலாம். பாட்டனும் பாட்டியும் செய்யலாம். ஆனால் குழந்தை வழக்கமாய் வசிக்கிற ஊர்க் கோர்ட்டில்தான் செய்யவேண்டும். பேரன் கோயமுத்தூரில் இருந்தால் திருவண்ணாமலைக் கோர்ட்டில் மனுப் போட்டுப் பயனில்லை. இந்துக்களுக்கென்று 1956-ல் வந்த மைனர் சட்டத்தின்படி தகப்பனுக்குப் பிறகு தாய்தான் இயற்கைக் கார்டியன். மகன் இறந்துபோனதும், "எங்கள் வீட்டு வித்து" என்று சொல்லிக் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு மருமகளை வெளியே தள்ளுகிறவர்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளவேண்டும். குழந்தை அவளிடம்தான் இருக்கும். உங்களுக்கு அவள் தயவுதான் வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்கும் மேலே அந்தச் சட்டங்களில் ஒரே ஒரு பெரிய வார்த்தை இருக்கிறது. அது "குழந்தையின் நலன்" என்பதாகும். தகப்பன், தாய், பாட்டன் எல்லோருடைய பாத்தியமும் அதற்குக் கீழேதான். 2008-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்கு. தாயின் வரதட்சிணைச் சாவில் தகப்பன் மேல் குற்றச்சாட்டு; சிறு பையன் தாய்வழிப் பாட்டன் வீட்டில் இருந்தான். தகப்பனிடம் போகமாட்டேன் என்று அந்தப் பையன் சொன்னதையும் கோர்ட்டு காதில் வாங்கி, பாட்டன் வீட்டிலேயே இருக்கவிட்டது. 2022-ல் இன்னொன்று. கொரோனாவில் தாயும் தகப்பனும் 2021-ல் செத்துப்போன ஒரு பையன். அவனுடைய தாயோடு பிறந்தவளுக்கு வயது குறைவு, சர்க்கார் வேலை உண்டு என்று ஐகோர்ட்டு அவளிடம் கொடுத்தது. சுப்ரீம் கோர்ட்டோ, வயதும் வருமானமும் மட்டும் அளவுகோல் ஆகாது என்று சொல்லித் தகப்பன்வழிப் பாட்டன் பாட்டியிடம் கொடுத்தது. ஆகவே கிழவன் கிழவி என்று கோர்ட்டு ஒதுக்கிவிடுவதில்லை. ஆனால் இரண்டு வழக்கிலும் தாயில்லை என்பதைக் கவனியுங்கள். தாயும் தகப்பனும் உயிரோடு, ஒற்றுமையாக, வேண்டாம் என்று சொல்லுகிற இடத்தில் பாட்டனுக்கு நிச்சயமான உரிமை என்று ஒன்றுமில்லை. பாட்டன் பாட்டியோடு கழிக்கும் நேரத்துக்கும் வழி செய்யவேண்டும் என்று 2015-ல் சட்டக் கமிஷன் தன் 257-ஆவது அறிக்கையில் யோசனை சொல்லிற்று. அது இன்னும் சட்டமாகவில்லை.

மற்ற தேசங்களில் எப்படி? அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு குழந்தையைப் பார்க்க மனுச் செய்யலாம் என்று சட்டம் இருந்தது. மகனை இழந்த ஒரு பாட்டனும் பாட்டியும் அதன்படி வழக்காடினார்கள். 2000-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, யோக்கியமான தாய் எடுக்கிற முடிவுக்கு மதிப்புக் கொடுத்தாக வேண்டும் என்று சொல்லி அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிரான்சிலோ, பாட்டன் பாட்டியோடு உறவு வைத்துக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே உண்டு. அது யாருடைய உரிமை தெரியுமா? பாட்டனுடையதல்ல, குழந்தையினுடையது! குழந்தையின் நலனுக்குக் கெடுதல் என்றாலொழிய அதைத் தடுக்கக்கூடாது என்கிறது அந்தச் சட்டம்.

தோழர்களே, நான் சொல்ல வந்ததும் இவ்வளவுதான். பேரன் பாட்டனுக்குச் சொந்தமல்ல, தகப்பனுக்கும் சொந்தமல்ல. நிலம்போல, மாடுபோல பாத்தியம் கொண்டாட அவன் ஒரு சொத்தல்ல. அவனுக்குத்தான் தாத்தாவும் பாட்டியும் சொந்தம்.

இதை ஒப்புக்கொண்டால் இளைஞர்களுக்கும் ஒரு கடமை வந்துவிடுகிறது. சொத்துப் பிரிக்கவில்லை, நகை போடவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்டமாட்டேன் என்பதும், விவாகரத்து வழக்கில் ஜெயிக்கக் குழந்தையைப் பணயம் வைப்பதும் அயோக்கியத்தனமாகும். கிழவியின் மடியில் உட்கார்ந்து கேட்கிற கதையைக் குழந்தைக்கு வேறு யார் கொடுப்பது? ஆனால் பயத்தினால் கதவைச் சாத்துகிற பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், ஜாதி மாறி மணந்த ஒரு வாலிபனை மனைவியின் கண் முன்னாலேயே வெட்டிக் கொன்றார்கள். அப்படிப்பட்ட நாட்டில், "உன்னைப் பார்க்கமாட்டேன், உன் பிள்ளையை அனுப்பு" என்று சொல்லுகிறவனை நம்பி எந்தத் தாய் அனுப்புவாள்?

ஒரு காலத்தில் நம்முடைய சுயமரியாதைக் கலியாணங்களையே செல்லாது என்று கோர்ட்டு சொல்லிற்று. அதில் பிறந்த குழந்தைகளுக்கு வாரிசுரிமையே கேள்விக்குள்ளாயிற்று. 1967-ல் அண்ணாதுரை ஆட்சியில் வந்த சட்டம் முன்பு நடந்த கலியாணங்களுக்கும் சேர்த்து அந்த இழிவைப் போக்கிற்று. சட்டம் கதவைத் திறந்து இத்தனை வருஷமாகியும் வீட்டுக்குள் இருக்கிற தாழ்ப்பாள் அப்படியே இருக்கிறது.

அந்தப் பெரியவருக்கு நான் சொன்னது இதுதான்: "ஐயா, வக்கீலுக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு கார்டு வாங்குங்கள். மகனுக்கு எழுதவேண்டாம், மருமகளுக்கு எழுதுங்கள். பேரனைக் கேட்டு எழுதாதீர்கள். நான் செய்தது தப்பு என்று மட்டும் எழுதுங்கள். ஊரறியத் தலைமுழுகினீர்கள், ஊரறிய அதைத் தப்பென்று சொல்லுங்கள். அப்புறமும் பேச்சு ஒட்டவில்லையானால், கோர்ட்டுக் கட்டடத்திலேயே சட்ட உதவிக் குழுவும் சமரச மையமும் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து பேசலாம். வழக்கு என்பது கடைசிப் படி."

அவர் கோபமாய்த்தான் போனார். பல மாதம் கழித்து அந்த அம்மாள் தனியே வந்து சேதி சொன்னார். கடிதம் போயிற்றாம். மருமகள், "வாருங்கள், எங்கள் வீட்டில் சாப்பிடவேண்டும்" என்று ஒரே நிபந்தனை போட்டாளாம். பெரியவர் இலைக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம், பிறகு சாப்பிட்டாராம். குழந்தை அவரிடம் வரவில்லையாம். யாரோ ஆள் என்று தாயின் பின்னால் ஒளிந்துகொண்டதாம். மூன்று வருஷத்தை எந்தக் கோர்ட்டு திருப்பித் தரும்? ஆனாலும் மறு மாதமும் போனார்களாம். பழைய சட்டைக்குப் பதிலாக அளவு பார்த்துப் புதுச் சட்டை எடுத்துக்கொண்டு போனேன் என்று அந்த அம்மாள் சொன்னபோது, அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

திருவூடல் அம்மனின் கேள்விக்கு வருகிறேன். "என்னை ஒதுக்கிவிட்டு, அவரை மட்டும் கும்பிடுவதா?" என்றல்லவா அவர் கேட்டார்? ஒவ்வொரு மருமகளும் கேட்பது அதே கேள்விதான். "என்னை ஒதுக்கிவிட்டு, என் பிள்ளையை மட்டும் கொஞ்சுவதா?" கல்லான சாமி வருஷாவருஷம் கேட்கிற கேள்வியை வடம்பிடித்துக் கும்பிடுகிறீர்கள், வீட்டிலிருக்கும் பெண் ஒரு தரம் கேட்டால் கதவைச் சாத்துகிறீர்கள். சாமியின் சண்டை இரண்டு நாளில் தீருகிறது. உங்கள் சண்டையும் தீரவேண்டுமானால், அதற்கு மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கவேண்டியதில்லை. மருமகள் வீட்டு வாசற்படி ஏறினால் போதும்.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். வீட்டுக்குப் போய் யோசித்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள், படாததைத் தள்ளிவிடுங்கள்.