வினாவுக்கு விடை சொல்லும் தொண்டு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புற்றுநோய் என்று வைத்தியர் சொன்ன அன்று ஒரு வீட்டில் எத்தனை வினாக்கள் எழுகின்றன! வைத்தியருக்கு முன்னால் வாய் அடைத்துப் போகிறது. வீட்டுக்கு வந்த பின்னரே கேட்க வேண்டியவை ஒவ்வொன்றாய் நினைவுக்கு வருகின்றன. அவ்வினாக்களைத் தொலைபேசியிற் கேட்டு, தெரிந்ததைச் சொல்லும் தொண்டில் எம்மிற் சிலர் ஓராண்டாக ஈடுபட்டுள்ளோம்.

அதிகம் கேட்கப்படுவது, இது தொற்றுமா என்பதே. தொற்றாது. ஆயினும் தனிக் கோப்பை, தனிப் பாய் என்று ஒதுக்கும் வீடுகள் இன்றும் உண்டு. கதிர்ச் சிகிச்சை பெற்ற பாட்டி ஒருவர் பேரனைத் தூக்க அஞ்சியிருந்தார். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடலிலே தங்குவதில்லை. இயந்திரம் நின்றதும் அதுவும் நிற்கும். தைரொயிட் புற்றுநோய்க்குக் கதிர் அயடீன் அருந்தியவர் போன்ற சிலரே சில நாள் விலகியிருத்தல் வேண்டும். இதைச் சொல்ல எமக்கு இரண்டு நிமிடம் சென்றது. அந்தப் பாட்டி மூன்று வாரம் பேரனைத் தொடாதிருந்திருக்கிறார்.

கட்டியில் ஊசி பட்டாற் பரவும் என்ற பயமும் பெரிது. அவ்வாறு பரவுதல் மிக அரிது. சோதித்துப் பாராமல் எவ்வகைப் புற்றென்று அறியவும் முடியாது.

உடனே விடை சொல்ல வேண்டிய வினா ஒன்றுண்டு. "மருந்தேற்றிப் பத்து நாள். இரவு காய்ச்சல் காய்கிறது. பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்கலாமா?" பார்க்கக் கூடாது. மருந்தேற்றிய 7 முதல் 14 நாள் அளவில் வெண்குருதிக் கலங்கள் பெரிதும் குறைந்திருக்கும். 38 பாகை செல்சியசு காய்ச்சலென்றால் அந்நேரமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

புகையிலை போடாமல் வெற்றிலை பாக்கு மட்டும் போட்டால் என்ன என்று கேட்பவரும் பலர். பாக்குத் தனித்தே புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. தாம்பாளத்தோடு முன்வரிசையில் இருக்கும் பெரியோர் எம்மை மன்னிப்பாராக.

எத்தனை நாள் இருப்பார், இந்த மருந்தை நிறுத்தலாமா என்பவற்றுக்கு நாம் விடை சொல்வதில்லை. அவை வைத்தியருக்குரியவை. அவரிடம் எப்படிக் கேட்பது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ள உதவுவோம். "ஏன் எனக்கு?" என்பதற்கு எவரிடமும் விடையில்லை, அப்போது தொலைபேசியை வைக்காமல் இருப்போம். முன்வினைப்பயன் என்று நோயாளியின் காதில் விழச் சொல்வோர் எம் சமயத்தவரிடையே உளர். சூலைநோயோடு வந்த நாவுக்கரசரைத் திலகவதியார் பழைய கணக்குப் பார்த்தா ஏற்றார்?

2011 யூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்காக, 27 நாளில் 670 கிலோமீற்றர் நடந்தார்கள். அந்நடையிற் சிங்களவரும் தமிழரும் சேர்ந்தே சென்றனர். முன்னர் வடபகுதி நோயாளர் பலர் மகரகமவுக்கே போக வேண்டியிருந்தது. இன்றும் அங்கு செல்வோர் சிங்களத்தில் எழுதிய துண்டுகளை வாசிக்கச் சொல்லி எம்மிடம் கேட்கின்றனர். எனவே சிங்களம் வாசிக்கத் தெரிந்த இருவர் எமக்கு அவசரமாகத் தேவை. சேர்பவர் முதல் மூன்று மாதமும் பக்கத்திலிருந்து கேட்க மட்டுமே வேண்டும். பெயர் தருவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரைக் காண்க.