கப்பலில் பேர் உண்டு, கழனியில் இல்லை

(மாணவர் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி இந்துவுக்கு வம்சாவளி என்பது சொத்து. ஏழு தலைமுறையை மூச்சுவிடாமல் சொல்வான். கோயிலில் முதல் மரியாதை, ஊரில் மிராசு, எல்லாத்துக்கும் அதுதான் பத்திரம். நம்மகிட்ட கேட்டா தாத்தா பேரோட நின்னுபோவுது. நமக்கு ஞாபகசக்தி இல்லையா? ஊர்க் கணக்கு எழுதுற பேனா நம்ம கையில இல்ல, அவ்வளவுதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை இப்படி நேட்டால் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. சேரி மக்கள் அதில் ஏராளம். கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு எண். பேர், அப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், மச்சம், தழும்பு எல்லாம் இருக்கு. பெண்ணுக்கும் தனி எண். தென்னாப்பிரிக்காவில் உள்ள வாரிசுகள் அந்த எண்ணைப் பிடித்துத்தான் பாட்டன் ஊரைத் தேடுகிறார்கள்.

வெள்ளைக்காரன் நம்மமேல பாசத்துல எழுதினானா? ஓடிப்போனா பிடிக்கணும், அதுக்கு எழுதினான். அதே சர்க்கார் செங்கல்பட்டு நிலக் கணக்கில் என்ன எழுதியது? பட்டா மிராசுதார் பேரில். சேத்துல நின்னவன் பேரு எங்கேயும் இல்ல. தரிசு நிலத்துக்கு நம்மாள் தர்க்காஸ்து போட்டால் மிராசுதார் குறுக்கே நிற்பான். 1891இல் கலெக்டர் திரெமென்ஹீர் இதையெல்லாம் அறிக்கையாக எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் நம் மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. பல ஊர்களில் நம் பாட்டன் பேர் நிலக் கணக்கில் ஏறியது அப்படித்தான்.

அந்த நிலம் இன்னைக்கு யார் கையில? காரணை பஞ்சமி நிலத்தை மீட்டுத் தரச் சொல்லி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் மக்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. ஜான்தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள்.

அதனால் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கிழவிகளிடம் உட்காருங்கள். யாருக்கு யார் மகள், எந்த ஊருக்குக் கட்டிக் கொடுத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எந்தக் கழனிக்கு என்ன பேர் என்பதையும் கேளுங்கள். வேதத்தில் சேர்ந்த குடும்பம் என்றால் கோயில் ஞானஸ்நானப் பதிவைப் பாருங்கள்; பேர் மாறியிருக்கும், ஜாக்கிரதை. பிறகு தாலுகா ஆபீஸ், எழும்பூர் ஆவணக் காப்பகம். பழைய பதிவேட்டைக் காட்ட மறுத்தால் 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். சர்வே எண்ணுக்கு எதிரே இருக்கும் பேரிலிருந்து இன்று சேரியில் இருக்கும் பேரன் பேத்தி வரை ஒரு கோடு விடாமல் வரையுங்கள்.

அவன் நம்மை எண்ணிவைத்த காகிதம். அதை வைத்தே கழனியைக் கேட்போம்.

ஜெய்பீம்.