ஒப்பமிடாத கடலோவியம்: களமும் காலமும்



மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் பண்ணைப்புரம். இங்கிருந்து நோக்கினால் மலை தெரியும், கடல் தெரியாது. ஆயினும் இவ்வூர்க் கவிஞர் நெய்தலைப் பாடத் தயங்குவதில்லை. கடலைக் கண்டு பாடினரா, கற்றுப் பாடினரா என்பதைப் பாட்டைக் கொண்டே அறிய இயலுமா? இதே வினா ஓவியத்திற்கும் உண்டு. பெயரோ ஆண்டோ இன்றி, ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர் தீட்டிய கடற்காட்சி கிடைக்கின்றது எனக் கொள்வோம். அதன் களமும் காலமும் துணிவது எங்ஙனம்? இலக்கிய வரலாற்றார் கையாளும் அகச்சான்றும் புறச்சான்றுமே இங்கும் வழிகாட்டுகின்றன.

தமிழகத்தில் இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற களம் சென்னைக் கடற்கரை. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர் பலர் ஓய்வு நேரத்தில் தூரிகை எடுத்தனர். படை அலுவலர்க்கு நிலக்காட்சி வரைதல் பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது. இங்கிலாந்தின் ஊலிச் படைக்கல்லூரியில் 1768 முதல் பால் சாண்ட்பி என்னும் ஓவியர் அதனைக் கற்பித்தார். அவ்வாறு பயின்றவர் வரைந்த படங்களில் கலைநயம் குறைந்திருக்கலாம். ஆயின் கண்டதைக் குறிக்கும் பழக்கம் மிகுதி.

படத்தில் முதலில் நோக்கத்தக்கது கலங்கரை விளக்கம். சென்னையின் முதல் விளக்கம் 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல் ஏற்றப்பட்டது. தனித்து நிற்கும் உயர்ந்த கல்தூண் 1844இல் ஒளிரத் தொடங்கியது. 1894இல் விளக்கு உயர்நீதிமன்றக் கோபுரத்திற்கு மாறியது. இன்று மெரினாவில் நிற்கும் விளக்கம் 1977ஆம் ஆண்டினது. ஆகவே கல்தூண் காணப்படும் படம் அத்தூண் எழுவதற்கு முன்னர்த் தோன்றியிருக்க இயலாது.

அடுத்துக் கரையை நோக்க வேண்டும். துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டன. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே ஆளையும் பொருளையும் கரை சேர்த்தன. 1860களின் தொடக்கத்தில் இரும்புத் தூண்கள் தாங்கிய பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டது. 1876இல் துறைமுகப் பணி தொடங்கியது. எழுந்த அலைதடுப்புச் சுவர்கள் 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தன. பின்னர் மீண்டும் கட்டப்பட்டன. அச்சுவர்கள் மணலின் ஓட்டத்தைத் தடுத்தமையால் தெற்கே கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரப் பக்கம் கடல் நிலத்தை அரித்தது. எனவே கோட்டைக்கும் அலைக்கும் இடையே காட்டப்பட்ட மணலின் அகலமும் ஒரு சான்றாகும்.

எனினும் இங்கேதான் தடுமாற்றம் நேர்கின்றது. படத்தில் உள்ள பொருள் காலத்தின் ஓர் எல்லையை மட்டுமே காட்டும். 'இதற்கு முன் அன்று' என்று சொல்லும், 'இந்த ஆண்டே' என்று சொல்லாது. சிலப்பதிகாரம் இலங்கை மன்னன் கயவாகுவைக் குறிக்கின்றது. அவன் இரண்டாம் நூற்றாண்டினன் என்பதால் காப்பியமும் அந்நூற்றாண்டினதே என்றனர் ஒரு சாரார். நிகழ்ச்சியின் காலம் வேறு, நூலின் காலம் வேறு என்று கொண்டு, நூலை மிகவும் பிற்படுத்தினார் வையாபுரிப் பிள்ளை. எம்முடிவை ஏற்பினும், அவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

ஓவியத்திலும் அவ்வாறே. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோரின் இந்தியக் காட்சிகள் 1795 முதல் 1808 வரை அச்சுப் படங்களாக வெளிவந்தன. அத்தகைய அச்சைப் பார்த்து ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் வரைந்தால், படத்தில் தெரிவது பழைய சென்னை. வரைந்த கை புதியது. கல்தூண் இல்லாமை மட்டும் கொண்டு படம் பழையது எனலும் பிழையே. வரைந்தவர் வேறு திசை நோக்கியிருக்கலாம்.

ஆதலின் புறச்சான்று வேண்டும். தாளை ஒளிக்கெதிரே பிடித்தால் நீர்க்குறி தெரியக்கூடும். வாட்மன் நிறுவனத்துத் தாள்களில் 1794 முதல் ஆண்டும் பொறிக்கப்பட்டது. அதுவும் முன்னெல்லையே, வாங்கிய தாள் பல்லாண்டு பெட்டியில் கிடந்திருக்கலாம். வண்ணமும் பேசும். செயற்கை அல்ட்ராமரின் நீலம் 1820களின் இறுதியில் பிறந்தது. தாலோ நீலம் 1930களில் வந்தது. டைட்டானியம் வெள்ளை முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பரவத் தொடங்கியது. 1850இல் வரைந்ததாகச் சொல்லப்படும் அலையின் நுரையில் டைட்டானியம் வெள்ளை காணப்பட்டால், பின்னாளில் திருத்தினர் என்றோ, படமே பிற்காலத்தது என்றோ கொள்ளல் வேண்டும்.

எல்லாவற்றிலும் எளிய சான்று படத்தின் முதுகுப்புறம். கடை முத்திரை, பென்சில் குறிப்பு, உடையவர் பெயர் ஆகியன அங்கிருக்கும். உடையவரை ஓவியராகக் கொள்ளுதல் தவறு. ஆயின் சட்டம் மாற்றுவோர் பழைய அட்டையைக் கிழித்து எறிவது அதனினும் பெருந்தவறு. ஏட்டின் இறுதியில் எழுதியவன் குறித்த வரியைப் பயனற்றதென நறுக்குவதற்கு அது நிகர்.

புகழ் பெற்றவர் பெயரை ஒட்டவைப்பதால் படத்தின் விலை உயரலாம். உண்மையாக வரைந்தவர் இரண்டாம் முறை மறைகின்றார். 'பெயர் தெரியவில்லை, 1844க்குப் பின், சென்னையைக் கண்டவர்' என்னும் குறிப்பே அவர்க்குச் செய்யும் மரியாதை.

இது கவிஞர்க்கும் உரிய பாடம். ஒரு வட்டத்தின் பத்தாண்டுக் கையெழுத்துத் தாள்கள் நாளையே பழஞ்சுவடி ஆகிவிடும். பாட்டின் கீழே ஊரும் நாளும் பெயரும் குறிக்கும் ஒரு வரி, பின்வரும் ஆய்வாளரின் பல்லாண்டு உழைப்பைக் காக்கும்.