கோட்டையோட வயசு வேற, கோட்டோட வயசு வேற

இன்னைக்கு ஒரு பழைய டச்சு மை ஓவியத்தை எப்படிப் படிக்கிறதுன்னு பேசலாம்.

ஒரு தாளைக் கற்பனை பண்ணிக்கோங்க. அகழி, மரப்பாலம், ரெண்டு கோபுரம். கீழே '1620'. நானூறு வருஷம் முன்னாடி ஒருத்தர் அகழிக்கரையில உட்கார்ந்து வரைஞ்சார்னு உடனே முடிவு பண்ணிடுவோம். அங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும்.

ஆப்ரஹாம் ராடெமாக்கர் என்ற டச்சு ஓவியர் 1725இல் பழைய கட்டடங்களைக் காட்டும் 300 அச்சுப்படங்களைத் தொகுத்து வெளியிட்டார். அதில் பல படங்களில் அவர் பிறப்பதற்கும் முந்தைய வருஷங்கள் இருக்கும். ஏமாத்து வேலை இல்லைங்க. பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்தவர் அவர். அந்த வருஷத்தில் கட்டடம் இப்படி இருந்தது என்று சொல்கிறார், அவ்வளவுதான்.

ரூலான்ட் ரோக்மான் கதை வேற. 1646–47இல், இருபது வயசை ஒட்டிய காலத்தில், ஊர் ஊராகப் போய்க் கோட்டைகளையும் மாளிகைகளையும் நேரில் பார்த்து வரைந்தார். கிட்டத்தட்ட 250 ஓவியங்கள்!

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? எக்மொண்ட் கோட்டையை எடுத்துக்கோங்க. ஸ்பெயின் படை பிடித்துவிடக் கூடாது என்று 1573இல் டச்சுக் கிளர்ச்சியாளர்களே அதை அழித்தார்கள். அதற்குப் பிறகு பிறந்த ஒருவர் அதை முழுசா வரைந்திருந்தால், பழைய படத்தைப் பார்த்திருக்கணும், இல்லைன்னா கற்பனை பண்ணியிருக்கணும்.

சரி, எப்படிச் சோதிப்பது? ரூபாய் நோட்டைப் பிடிக்கிற மாதிரி தாளை வெளிச்சத்தில் பிடிச்சுப் பாருங்க. உள்ளே தெரியும் வாட்டர்மார்க், தாள் தயாரான காலத்தைத் தோராயமாகச் சொல்லும். மையின் பழுப்பு நிறத்தை மட்டும் நம்பாதீங்க. இரும்பு கலந்த மை கறுப்பா இருந்து, நாளாவட்டத்தில் பழுப்பாகிவிடும். கோடுகளையும் கவனிங்க. நேரில் வரைபவர் தடுமாறுவார், திருத்துவார். நகலெடுக்கும் கை பெரும்பாலும் அவ்வளவு தயங்காது.

நகல் என்பதால் தூக்கிப் போடவும் முடியாது. மூல ஓவியம் தொலைஞ்சு போயிருந்தா, மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி அந்த நகல்தான். இடிந்த கோட்டையின் கூரை எப்படி இருந்தது என்று கேட்டால் அதைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம். அது கண்ணால் கண்ட சாட்சியா, காதால் கேட்ட சாட்சியா என்று விசாரித்த பிறகு நம்புவோம்.