தலசீமியா – ஒரு பாட்டியின் அனுபவம்

(புணேயில் நடந்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. என் பேரனுக்கு இருக்கும் வியாதியைப் பற்றி நம் குடும்பங்களில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை என்பதால், செயலாளர் கேட்டதும் சம்மதித்தேன்.

பேரனுக்கு இப்போது ஏழு வயது. எட்டாவது மாதத்தில் பால் குடிக்க மறுத்தான். உள்ளங்கை வெளுத்து, வயிறு உப்பியிருந்தது. ஹீமோகுளோபின் ஐந்துக்கும் கீழே. பரிசோதனையில் பீட்டா தலசீமியா மேஜர் என்று தெரிந்தது. ஹீமோகுளோபினுக்கு வேண்டிய ஒரு முக்கியமான பகுதி இந்தக் குழந்தைகளின் உடம்பில் உருவாவதில்லை, அல்லது மிகவும் குறைவாக உருவாகிறது. கருவில் இருக்கும்போது வேறு வகை ஹீமோகுளோபின் காப்பாற்றுகிறது. பிறந்து சில மாதங்களில் அது குறைந்துவிடுவதால்தான், நன்றாக இருந்த குழந்தை வாட ஆரம்பிக்கிறது.

எல்லோரும் முதலில் கேட்டது, "எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?" என்றுதான். சிலர் என் மாட்டுப்பெண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். டாக்டர் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்: இரண்டு பக்கத்திலிருந்தும்தான். தாய், தகப்பன் இருவருமே 'மைனர்' ஆக இருந்தால்தான் குழந்தைக்கு மேஜர் வரும். ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மைனராக இருப்பவர்கள் சாதாரணமாகத்தான் நடமாடுவார்கள், பரிசோதித்தால்தான் தெரியும். சிந்தி, பஞ்சாபி, லோஹாணா குடும்பங்களில் இது அதிகம். நம்மிடம் குறைவே தவிர, இல்லாமல் இல்லை.

இனி வைத்தியத்துக்கு வருகிறேன். அதில் இரண்டு பாதி உண்டு.

முதல் பாதி ரத்தம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுகிறோம். குழந்தை சோர்ந்து படுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் முக எலும்பு புடைக்காது, மண்ணீரல் வீங்காது, வளர்த்தியும் குன்றாது. வெள்ளையணுக்களை வடிகட்டிய ரத்தமாகக் கேட்டு வாங்க வேண்டும். ஹெப்படைடிஸ்-பி தடுப்பூசி அவசியம். பாசத்தினால் சித்தப்பாவும் மாமாவும் ரத்தம் கொடுக்க வருவார்கள். நெருங்கிய உறவினர் ரத்தம் வேண்டாம் என்பார்கள் டாக்டர்கள். பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்றுவதானால் அது இடைஞ்சலாகலாம்.

இரண்டாவது பாதியைத்தான் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பை ரத்தத்திலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதிகப்படி இரும்பை வெளியே தள்ளும் வழி நம் உடம்புக்குத் தெரியாது. அது இதயத்திலும் கல்லீரலிலும் சுரப்பிகளிலும் போய்ப் படியும். ரத்தம் ஒழுங்காக ஏற்றியும், இரும்பைக் கவனிக்காததால் பதின்ம வயதில் இதயம் பழுதாகிப் போன பிள்ளைகள் உண்டு. பத்து, இருபது முறை ரத்தம் ஏற்றியதும், அல்லது ஃபெரிட்டின் அளவு 1000-ஐத் தாண்டியதும், இரும்பை வெளியேற்றும் மருந்து தொடங்க வேண்டும். முன்பெல்லாம் ஊசியைத் தோலுக்கடியில் பொருத்தி, இரவு முழுவதும் பம்ப் மூலம் மருந்து செலுத்துவார்கள். இப்போது பலருக்கு மாத்திரையே போதுகிறது.

பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் ஆபீஸ் போகிறவர்கள். அதனால் மாத்திரை என் பொறுப்பு. டெஃபெராசிராக்ஸ் மாத்திரையைத் தண்ணீரிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ கரைத்து வெறும் வயிற்றில் கொடுக்கிறேன். டம்ளரின் அடியில் தங்குவதையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிக் குடிக்க வைக்கிறேன். அரை மணி கழித்துத்தான் இட்லி. மாதாமாதம் சிறுநீரக, கல்லீரல் பரிசோதனை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஃபெரிட்டின். வருஷத்துக்கு ஒரு முறை கண், காது. எல்லாம் ஒரே நோட்டில், தேதியோடு. சந்தியாவந்தனத்துக்கு லீவு உண்டா? இதற்கும் அப்படித்தான்.

மாமிகளுக்கு ஒரு வார்த்தை. சோகை என்றதும் இரும்பு டானிக் நினைவுக்கு வரும். இந்தச் சோகை இரும்பு குறைந்து வருவதல்ல. டாக்டர் சொல்லாமல் அதைக் கொடுத்தால் விஷத்துக்குச் சமம். மற்றபடி பாலும் தயிரும் தாராளமாகக் கொடுக்கலாம், எலும்புக்கு நல்லது.

நிரந்தரத் தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்று. உடன்பிறந்தவருடன் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. இதன் செலவுக்கு, தகுதியுள்ள குடும்பங்களுக்குக் கோல் இந்தியா நிறுவனம் 2017-இல் உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எங்களுக்கு அடுத்துப் பிறந்த பேத்தி ஆரோக்கியமாக இருக்கிறாள், கருவிலேயே பரிசோதித்தோம். அவளுடைய மஜ்ஜை இவனுக்குப் பொருந்தவில்லை. ஆகவே நியமம்தான் எங்களுக்கு வழி. அந்த நியமத்தால் அவன் பள்ளிக்கூடம் போகிறான், கிரிக்கெட் ஆடுகிறான், தங்கையோடு சண்டை போடுகிறான். ஒழுங்கான வைத்தியத்தில் இருப்பவர்கள் வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டு, ஐம்பது வயதைத் தாண்டியும் வாழ்கிறார்கள்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஜாதகம் பரிமாறிக்கொள்ளும்போது ஹெச்.பி.ஏ.2 பரிசோதனையையும் இரு தரப்பிலும் செய்துகொள்ளுங்கள். வாழ்நாளில் ஒரு முறை செய்தால் போதும். ஒருவர் மைனர் என்றால் சம்பந்தத்தைக் கைவிட வேண்டாம். மற்றவர் ரத்தம் சரியாக இருந்தால் மேஜர் குழந்தை பிறக்காது. கல்யாணம் ஆனவர்கள், கர்ப்பம் தெரிந்த முதல் வாரங்களிலேயே செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, கோடை விடுமுறையில் ரத்த வங்கிகளில் தட்டுப்பாடு வருகிறது. ஒவ்வோர் ஊர்க் கிளையும் மே மாதத்தில் ஒரு ரத்ததான முகாம் நடத்தட்டும். 18 வயது முதல் 65 வயதுவரை, ஆரோக்கியமான எவரும் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. என் பேரனுக்கு இதுவரை நூறு தடவைக்கு மேல் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. கொடுத்தவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அவர்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.