அயல்நாட்டுத் தொலைபேசியும் நம் வீட்டுச் சுவரும்

(ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றப்பெற்ற உரை)



பேராக் மாநிலத்தில் கம்பி வழியே செய்தி செல்லத் தொடங்கியது 1876ஆம் ஆண்டில். கோலகங்சாருக்கும் தைப்பிங்கிற்கும் இடையே அன்று தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. ஆகவே, செய்திக் கம்பியும் பால்மரமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நம் மாநிலத்திற்கு வந்தவை. ஆயினும், அந்தப் பால்மரத்தை வெட்டிய கைகளுக்குத் தொலைபேசி எட்டுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. அது பெரும்பாலும் தோட்ட அலுவலகத்திலும் துரையின் பங்களாவிலும்தான் இருந்தது என்பதை இங்கே அமர்ந்துள்ள மூத்தவர்கள் அறிவார்கள்.

இன்றோ நிலைமை வேறு. நம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பணிபுரிகிறார்கள். ஊருக்கு வரும்போது, தாய் தந்தையர் பேசுவதற்கென்று நல்லதொரு தொலைபேசியை வாங்கி வருகிறார்கள். அந்த அன்பைக் குறை கூற யாருக்கும் மனம் வராது. ஆனால், ஒரு நாட்டின் சுவருக்கென்று செய்யப்பட்ட கருவி மற்றொரு நாட்டின் சுவரில் அப்படியே வேலை செய்யும் என்று எண்ணிவிடலாகாது. எந்தெந்த இடங்களில் தடை வரும், அதை எவ்வாறு கண்டறிவது என்பதை எடுத்துரைக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் தொலைபேசி இயங்கும் முறையைத் தெரிந்துகொள்வோம். வீட்டிற்கு வரும் செம்புக் கம்பிகள் இரண்டே. அவற்றின் வழியாகத் தொலைபேசி நிலையம் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பேச்சு அதன்மீதே பயணம் செய்கிறது. யாரேனும் நம்மை அழைக்கும்போது மட்டும், மணியை ஒலிக்கச் செய்வதற்காக அதைவிட வலிமையான மாறுமின்சாரம் அதே கம்பிகளில் வருகிறது. எனவே, உறையுரித்த தொலைபேசிக் கம்பியை வெறுங்கையால் தொடுவது தகாது. இந்த அடிப்படை உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால்தான் அயல்நாட்டுக் கருவியும் இங்கே பேச உதவுகிறது. வேறுபாடுகள் செருகியிலும், மணியிலும், மின்சாரத்திலும், எண் சுழற்றும் முறையிலும் உள்ளன.

செருகியை, அதாவது பிளக்கை, முதலில் எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் இப்பொழுது பரவலாக உள்ளது ஆர்.ஜே. 11 எனப்படும் சிறிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் செருகி. அதன் நடுவில் உள்ள இரு கம்பிகளே பேச்சைச் சுமக்கின்றன. அமெரிக்கக் கருவிகளும் இவ்வகையே. ஆதலால் அவை நம் சுவரில் எளிதாகப் பொருந்தும். இங்கிலாந்திலோ 1981ஆம் ஆண்டு முதல் வேறு வடிவச் செருகி வழக்கில் உள்ளது. அதை நம் சுவரில் பொருத்த இடையிணைப்பு, அதாவது அடாப்டர், தேவை.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். அடாப்டரைப் பொருத்தி, ஒலிவாங்கியைக் காதில் வைத்தால் இரைச்சல் ஒலி கேட்கிறது. எண்ணை அழுத்தினால் மறுமுனையில் மகன் பேசுகிறான். 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று பழைய தொலைபேசியைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். ஆனால் மகன் அழைக்கும்போது மணி அடிப்பதே இல்லை! காரணம் என்ன? இங்கிலாந்தில், மணிக்குத் தேவையான மின்தேக்கி என்னும் சிறு உறுப்பு தொலைபேசிக்குள் இல்லாமல், வீட்டுச் சுவரில் உள்ள முதற்பெட்டியிலேயே வைக்கப்பட்டது. அங்கிருந்து மூன்றாவது கம்பி ஒன்று மணிக்குச் செல்கிறது. நம் சுவரில் அந்த மூன்றாவது கம்பி இல்லை. ஆகவே, அவ்வகைப் பழைய கருவி இங்கே பேசும். ஆனால் அழைப்பு வந்ததை அறிவிக்காது. மின்தேக்கி உள்ள அடாப்டரைப் பொருத்தினால் இக்குறை நீங்கும்.

தாய்மார்களே, சற்று எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் மருத்துவமனையிலிருந்து ஓர் அவசர அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அழைப்பவருக்கு மணி அடிப்பதாகவே கேட்கும். இங்கே வீடு அமைதியாக உறங்கிக்கொண்டிருக்கும். மணி அடிக்காத தொலைபேசி தாழிட்ட கதவுக்கு ஒப்பானது. தட்டுபவர் தட்டிக்கொண்டே இருப்பார். உள்ளே இருப்பவருக்குக் கேட்காது.

அடுத்தது மின்சாரம். கம்பியில்லாத் தொலைபேசிக்கும் பதிவுக் கருவிக்கும் சுவர் மின்சாரம் வேண்டும். நம் நாட்டில் அது 230 வோல்ட். முன்பு 240 என்று கூறிவந்தோம். அமெரிக்காவில் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். அந்நாடுகளுக்கென்று மட்டும் செய்யப்பட்ட மின்னூட்டியை இங்கே செருகினால் அது கருகும், தீப்பற்றவும் கூடும். மின்னூட்டியின் முதுகில் 'இன்புட்' என்ற சொல்லுக்கு அருகே 100-240 என்று அச்சிடப்பட்டிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. 120 என்று மட்டும் இருந்தால் பயன்படுத்தவே கூடாது. மேலும், இரட்டை முள் செருகியை நம் மூன்று துளைச் சாக்கெட்டில் நுழைப்பதற்காக, மேல்துளையில் பேனாவையோ திருகாணி முடுக்கியையோ விட்டுத் திறக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது உயிரோடு விளையாடும் செயல். அதை இன்றோடு விட்டொழிக்க வேண்டுகிறேன்.

கம்பியில்லாக் கருவிகளில் மற்றுமொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் அவை 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. ஐரோப்பாவில் 1880 முதல் 1900 வரை. அமெரிக்கக் கருவியின் அலைவரிசை உலகின் பல பகுதிகளில் கைத்தொலைபேசிக்கு உரியது. நம் வீட்டுக் கருவி அண்டை வீட்டாரின் கைத்தொலைபேசிக்கு இடையூறாகலாம். இதற்காகவே நம் நாட்டில் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டமும், 2000ஆம் ஆண்டுத் தொழில்நுட்ப விதிகளும் உள்ளன. சான்று பெற்ற கருவியில் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் முத்திரை இருக்கும். பழையவற்றில் சிரிம் முத்திரை இருக்கும். வாங்குமுன் அதைத் தேடிப் பாருங்கள்.

சுழல்வட்டு உள்ள பழைய தொலைபேசிகளை அழகுக்காக வாங்குவோரும் உள்ளனர். அவ்வட்டு, சுழற்றும் எண்ணுக்கேற்பக் கம்பியின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கிறது. ஐந்து என்றால் ஐந்து முறை. நியூசிலாந்தின் பழைய வட்டிலோ எண்கள் தலைகீழ். அங்கே ஒன்பதைச் சுழற்றினால் ஒரே துடிப்புதான் செல்லும். அதை வைத்து இங்கே 999 சுழற்றினால் நிலையம் அதை 111 என்றே கொள்ளும். ஆபத்து வேளையில் உதவி வராது. எண்களை அழுத்தும் தொலைபேசிகளில் இக்கவலை இல்லை. அவற்றின் ஒலிகள் உலகெங்கும் ஒன்றே.

தோழர்களே, செம்புக் கம்பிக்குப் பதில் ஒளியிழை வந்துள்ள வீடுகளில், தொலைபேசியைச் சுவரில் அல்ல, சேவை நிறுவனம் தந்த பெட்டியில் இணைக்க வேண்டும். மின்சாரம் நின்றால் அப்பெட்டியும் நிற்கும், தொலைபேசியும் ஊமையாகும். செம்புக் கம்பி உள்ள வீட்டில், கம்பியுள்ள எளிய தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வருவதால் இருட்டிலும் அது பேசும். கம்பியில்லாக் கருவி பேசாது. இந்த வேறுபாட்டை அறிந்து, மின்தடை நாள்களுக்கெனக் கைத்தொலைபேசியை மின்னூட்டி வைத்துக்கொள்வது நன்று. இடி இடிக்கும் வேளையில் கம்பியுள்ள தொலைபேசியில் பேசாதீர்கள். மழை மேகம் திரளும்போதே செருகியைக் கழற்றிவிடுங்கள்.

இறுதியாக, மூன்று சோதனைகளை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கருவியின் முத்திரையையும் வோல்ட் அளவையும் படியுங்கள். எழுத்துச் சிறியதாயின் பள்ளிப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு, நீங்கள் ஒருவரை அழையுங்கள். பின்னர் அவரை உங்களை அழைக்கச் சொல்லி, மணி அடிக்கிறதா என்று காத்திருந்து கேளுங்கள். மூன்று, வீட்டின் முதன்மை மின்விசையை அணைத்துவிட்டு, தொலைபேசி பேசுகிறதா என்று பாருங்கள். 999ஐ மட்டும் சோதனைக்காக அழைக்கக் கூடாது. அது உயிர் காக்கும் எண். இம்மூன்றும் தேறும்வரை பழைய தொலைபேசியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடல் கடந்து வந்த பரிசு கண்ணுக்கு அழகாக இருப்பது மகிழ்ச்சியே. பிள்ளையின் குரல் வரும் வேளையில் அது மணி அடித்து நம்மை எழுப்பினால்தான் அந்தப் பரிசு முழுமை பெறும்.